பொருநைக் கரையில் தொடங்கி குமரியைத் தொட்டுத் திரும்ப: திருநெல்வேலியிலிருந்து ஒரு நாள் பைக் பயணம், முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியில் விடியுமுன் கிளம்பி, பொருநை என்ற பழைய பெயருள்ள தாமிரபரணியின் தென்கரையை ஒட்டிக் கிழக்கே போக வேண்டும். திருச்செந்தூரில் கடல் வந்துவிடும். அங்கிருந்து குலசை என்கிற குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று கடலோரமாகவே இறங்கினால் கன்னியாகுமரி. பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகளைப் பார்த்துக்கொண்டே வடக்கே ஏறினால் பொழுது சாயும்போது மறுபடியும் நெல்லை. மொத்தம் சுமார் 240 கிலோமீட்டர். நூறு சிசி வண்டியில்கூட நிம்மதியாகப் போய்வரலாம்.

வயல், தேரி என்கிற செம்மணல் மேடு, கடல், காற்றாலை, மலை. இத்தனை நிலங்களை ஒரே பகலில் காட்டுகிற சுற்று தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்தச் சுற்றில் வருகிற பெரும்பாலோர் பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறார்கள். பத்து இடம் பார்த்து முடிக்கும்போது சாலை எப்படி இருந்தது என்பது நினைவில் இருக்காது. இந்தப் பயணத்தை வெயிலையும் காற்றையும் கேட்டுத் திட்டமிட வேண்டும். எந்த மணிக்குச் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த மாதத்தில் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே நிற்பது, எதை விடுவது என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும். கீழே உள்ள எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

எந்த மாதம்

பொங்கல் கழிந்து மாசி முடிவதற்குள் போவதுதான் சிறப்பு. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பட்டம், அதாவது சாகுபடிப் பருவம். பிசான நெல் ஐப்பசி வாக்கில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பார்கள். தை மாதத்தில் பாளையங்கோட்டையைத் தாண்டியதும் இரு பக்கமும் பச்சை கண்ணை நிறைக்கும். குளங்களில் தண்ணீர் இருக்கும். வெயிலும் பகல் பதினோரு மணி வரை தாங்கக்கூடியது. காற்று வடகிழக்கிலிருந்து மெல்ல வரும். அதாவது கடலோரப் பகுதியில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

பங்குனியில் போனால் வயலில் பச்சை குறைந்திருக்கும். அதற்கு ஈடாகப் பதநீர் கிடைக்கும். எதை விடுவது என்று எனக்கே ஒவ்வொரு வருடமும் மனம் தடுமாறும். முதல்முறை வருகிறவர்களுக்குத் தை மாதத்தையே சொல்வேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றதும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்தால் இந்தத் தாழ்ந்த நிலத்தில் நீர் வடிய நாள் பிடிக்கும். ஆனி, ஆடியில் வேறு சிக்கல்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நாள் தேர்வும் முக்கியம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவிலும் விடியற்காலையிலும் இதே சாலையோரம் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். இருட்டில் அவர்கள் இருப்பது கிட்டே வந்த பிறகே தெரியும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குலசை தசரா நாட்களும் அப்படியே. வேறு எந்த வாரமானாலும் ஞாயிறு வேண்டாம், முகூர்த்த நாள் வேண்டாம். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள். அன்றும் கூட்டம் கூடும். புதன் அல்லது வியாழன் அமைந்தால் நல்லது.

எந்தத் திசையில் சுற்றுவது

திருச்செந்தூர் முதலில், கன்னியாகுமரி பிறகு. இதை மாற்றாதீர்கள்.

நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். திருச்செந்தூரிலிருந்து குமரி நோக்கி இறங்கும்போது கடலும் இடப்பக்கம்தான். மனம் போன இடத்தில் ஓரங்கட்டலாம். எதிரே வரும் பஸ்ஸுக்குக் குறுக்கே திரும்ப வேண்டியதில்லை. மணப்பாட்டுக்கோ உவரிக்கோ உள்ளே திரும்புவதும் இடது திருப்பம்தான். எதிர்த்திசையில் வந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் சாலையைக் குறுக்காகக் கடக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வெயில். கடலோரச் சாலை தென்மேற்காக ஓடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்தத் திசையில் ஓட்டினால் சூரியன் நேரே கண்ணில் இறங்கும். ஆகவே இரண்டு மணிக்குள் குமரி வந்துவிட வேண்டும். அதன் பிறகு வடக்கே திரும்பும்போது வெயில் இடப்பக்கமாகப் போய்விடும், கண் கூசாது.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு குறை உண்டு. காலையில் திருச்செந்தூர் நோக்கிப் போகும்போது உதயசூரியன் எதிரே நிற்கும். தை மாதத்தில் இங்கே ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும். அடுத்த முக்கால் மணி நேரம் அது ஹெல்மெட் கண்ணாடிக்கு நேர் எதிரில். அந்த நேரத்தில் ஓட்டாமல் ஆற்றங்கரையில் நின்றுவிடுங்கள். முதல் நிறுத்தத்தை ஸ்ரீவைகுண்டத்தில் வைத்திருப்பது அதற்காகத்தான்.

முதல்நாள் மாலை

டயர் காற்றை வண்டியில் எழுதியிருக்கும் அளவுக்குச் சரிபாருங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். முன், பின் பிரேக், ஹாரன், ஹெட்லைட், பிரேக் லைட் எல்லாம் ஒருமுறை. பெட்ரோலை மாலையே நிரப்பிவிட்டால் விடியற்காலையில் பங்க் தேட வேண்டாம். அடுத்து திருச்செந்தூரில் நிரப்பிக்கொண்டால் குமரி வரை கவலையில்லை.

பங்க்சர் கிட் கட்டாயம். இந்தச் சீமையில் சீமைக்கருவேலம் இல்லாத சாலையோரம் அரிது. வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கினால் முள் ஏறும். கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டையான பலகைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் மணலில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயும். அடியில் அந்தப் பலகையை வைத்தால் நிற்கும்.

ஹெல்மெட் இருவருக்கும். கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும், ஏனென்றால் இருட்டில் கிளம்புகிறோம். வெயிலுக்குத் தனியாகக் குளிர்கண்ணாடி. முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடிய ஷூ, கையுறை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனாலும் போன் சார்ஜ் தீர்ந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள்.

கூகுள் மேப்பில் திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மட்டும் போட்டால் அது நான்குவழிச் சாலைக்குத்தான் தள்ளும். ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம், வட்டக்கோட்டை என்று இடையிடையே ஊர்களைச் சேர்த்து முன்னிரவே சேமித்துவிடுங்கள்.

காலை 5.30: ஆற்றோரம்

பாளையங்கோட்டை சமாதானபுரம் வழியாக வி.எம்.சத்திரம், கிருஷ்ணாபுரம் என்று திருச்செந்தூர் சாலை. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்கள் அரை நாள் நின்று பார்க்கத் தகுந்தவை. ஐந்தே முக்காலுக்கு அவசரமாக எட்டிப் பார்க்கிற கோயில் அல்ல அது. இன்றைக்கு விட்டுவிட்டு, அதற்கென்றே வேறொரு நாள் வாருங்கள்.

இந்த இருட்டில் ஐம்பதுக்கு மேல் வேண்டாம். செய்துங்கநல்லூர், கருங்குளம் பக்கம் மயில்கள் ஏராளம். ஒன்று சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தாழப் பறந்து முகத்துக்கு நேரே வருவதும் உண்டு. ஊருக்கு ஊர் வேகத்தடை. எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கோடு கிடையாது.

கருங்குளம் தாண்டியதும் சாலையே ஒரு செம்மண் மேட்டைப் பிளந்துகொண்டு போகும். அதுதான் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் பறம்பு. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதலில் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ, 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நூறு ஆண்டு கழித்து 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை. முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டுக் காட்டும் காட்சிக்கூடம் 2023 முதல் இருக்கிறது. நீங்கள் போகும் நேரம் அது திறந்திருக்காது. வண்டியை ஓரமாக அணைத்துவிட்டு அந்த மேட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் பச்சை வயல், மறுபக்கம் எதுவும் விளையாத கல்மேடு. விளைகிற நிலத்தில் கை வைக்காமல், விளையாத மேட்டில் இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் போகாமலே இது விளங்கும்.

புதுக்குடியில் இடப்பக்கம் திரும்பிப் பாலமேறினால் எதிர்க்கரை ஸ்ரீவைகுண்டம். இங்கே நில்லுங்கள். தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இது. மற்ற ஏழும் பழையவை; இது மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1870-களில் முடிந்தது. இங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும்தான் கீழே உள்ள குளங்களை எல்லாம் நிரப்புகின்றன. ஏழே கால் வரை இந்தக் கரையிலேயே இருந்து, டீ குடித்து, வெயில் கொஞ்சம் மேலே ஏறியதும் கிளம்புங்கள். நேரம் இருந்தால் கள்ளபிரான் கோயில் கோபுரத்தைச் சுற்றி வரலாம், நவதிருப்பதிகளில் முதலாவது.

மறுபடி தென்கரைக்கு வந்து ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர். நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளி ஆழ்வார்திருநகரிக் கோயிலுக்குள் இருக்கிறது. இந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் முழுச் சுற்றிலும் எனக்கு மிகப் பிடித்த துண்டு. தென்காலின் நீர் சாலைக்குப் பக்கத்திலேயே ஓடும். வாழைத் தோட்டம் முடியும் இடத்தில் வயல், வயல் முடியும் இடத்தில் குளம். கடம்பாகுளம் நிறைந்திருந்தால் நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். நாற்பதில் போங்கள். அறுவடை நெருங்கிய நாட்களில் சாலையிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப் போட்டிருப்பார்கள். நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அந்த இடம் வருமுன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. சுற்றிப் போக இடமிருந்தால் சுற்றியே போங்கள்.

காலை 8: திருச்செந்தூர்

சாப்பாட்டுக்கு நில்லுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்டல்களுக்குக் குறைவில்லை. இட்லி, தோசையோடு நிறுத்துங்கள். வயிறு நிறைந்தால் பத்து மணி வெயிலில் தூக்கம் வரும். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கண்டிப்பாக.

தரிசனம் வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். வரிசையில் நின்றால் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ போகும். பிறகு நாள் முழுக்க வெயிலைத் துரத்த வேண்டியதாகிவிடும். கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டு, கடற்கரையில் நாழிக்கிணறு வரை நடந்து வாருங்கள். அலை அடிக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு. இந்தக் கரையில் இப்படி ஊற்றுகள் இன்னும் வரும், நினைவில் வைத்திருங்கள்.

இங்கிருந்து ஒரு கிளை வழி சொல்கிறேன், ஒரு மணி நேரம் கூடுதலாகும். மேற்கே காயாமொழி பக்கம் போனால் தேரி. இரும்பு ஆக்சைடு மணலின் ஒவ்வொரு துகளிலும் படிந்து, குங்குமத்தைக் கொட்டியது போன்ற சிவப்பில் மேடு மேடாகக் கிடக்கும் காற்று மணல். பனையும் முந்திரியும்தான் அதில் நிற்கும். நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், பெயரிலேயே உள்ள சுனையோடு. பெய்த மழையை எல்லாம் மணல் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்வதால்தான் இந்த வறண்ட மேட்டில் சுனை. வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வீடியோவுக்காக வண்டியைத் தேரிக்குள் இறக்கினால் முன்சக்கரம் அச்சு வரை புதையும், வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டும், மணலும் பாழ். அங்கிருந்து உடன்குடி வழியாகக் குலசைக்கு வந்துவிடலாம். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. வாங்குவதென்றால் இங்கேயே வாங்குங்கள். உடைத்துப் பாருங்கள்: நல்ல கருப்பட்டி உள்ளே பளபளவென்று மின்னாது, சீனி கலந்ததுதான் மின்னும்.

கிளை வழி வேண்டாம் என்றால் கடலோரச் சாலையிலேயே ஆலந்தலை தாண்டிக் குலசேகரன்பட்டினம்.

குலசையும் மணப்பாடும்

முத்தாரம்மன் தசராவால் குலசையை எல்லோருக்கும் தெரியும். இப்போது இன்னொரு அடையாளமும் சேர்கிறது. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேல் பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரிய லாபம். அந்தப் பகுதியில் வேலி, காவல் இருந்தால் மதித்து விலகிப் போங்கள். டிரோன் பறக்கவிட வேண்டாம்.

கொஞ்ச தூரத்தில் மணப்பாடு விலக்கு. இடப்பக்கம் திரும்பி ஊருக்குள் போக வேண்டும். காற்று அள்ளிக் கொட்டிய மணல் தார்ச்சாலையில் திட்டுத் திட்டாகக் கிடக்கும், வளைவுகளில் கவனம்.

இந்த ஒரு ஊருக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் குன்றிலுள்ள குகையில் தங்கியிருந்ததாகச் சொல்வார்கள். குகைக்குள் ஒரு கிணறு; கடல் சுவருக்கு அப்பால் இரைந்துகொண்டிருக்க, இதில் நல்ல தண்ணீர். நாழிக்கிணற்றை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்: முருகன் கோயிலிலும் அய்யனார் சுனையிலும் சவேரியார் குகையிலும் மக்கள் கையில் வாங்கிக் குடிப்பது மணல் வடிகட்டித் தந்த அதே மழைநீரை.

குன்றின் மேலிருந்து வடக்கே பார்த்தால் கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம். உள்ளே அலையில்லாத நீர், வெளியே அலை. காற்று நன்றாக இருக்கும் நாட்களில் அலைச்சறுக்கும் பட்டம் கட்டிச் சறுக்கும் விளையாட்டும் நடக்கும். கீழே கொழும்பு வணிகத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பழைய பெரிய வீடுகள், அவற்றுக்கு நடுவே வலை பின்னிக்கொண்டிருக்கும் பரதவர்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். “அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றால் மறுப்பவர்கள் குறைவு; அன்றைக்கு என்ன மீன் பட்டது என்பது வரை பேசுவார்கள். ஆலயத்துக்குள் போகும்போது ஷூவைக் கழற்றுங்கள். செப்டம்பர் 14-ஐ ஒட்டிய திருவிழா நாட்களில் ஊருக்குள் வண்டி நுழையவே முடியாது.

உவரி முதல் கூடங்குளம் வரை

பெரியதாழை தாண்டி உவரி. கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில், ஊருக்குள் கப்பலும் விமானமும் சேர்ந்தாற்போல் கட்டிய கப்பல் மாதா ஆலயம், அந்தோணியார் திருத்தலம். அரை மணி நேரம் போதும். கடலில் இறங்க ஆசை வரும். பாறையுள்ள கரை, இழுப்பும் உண்டு. காற்றே இல்லாத நாளில் தொலைவிலிருந்து திடீரென்று எழும்பி வரும் அலையை ‘கள்ளக்கடல்’ என்பார்கள். அந்த எச்சரிக்கை உள்ள நாளில் மணலில்கூட நிற்க வேண்டாம். கால் நனைக்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் நிற்கும் இடத்தில் மட்டும்.

பதநீர் இறங்கும் பருவமானால் இந்தச் சாலைதான் இடம். பனையடியில் பானையோடு உட்கார்ந்திருப்பவரிடம் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். காலை பதினொன்றுக்குள் நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கும்.

உவரிக்குப் பிறகு நவ்வலடி, விஜயாபதி வழியே கூடங்குளம். இந்தப் பகுதி வெட்டவெளி. நிழல் இல்லை, கடை குறைவு, சாலை நேராக நீளும். கை தானாகவே ஆக்சிலேட்டரைத் திருகும். அறுபதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உடைமரப் புதருக்குள்ளிருந்து ஆடுகள் சொல்லாமல் வரும். கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. வாசலில் நிற்காதீர்கள், கேமராவை எடுக்காதீர்கள். பக்கத்திலுள்ள இடிந்தகரையில்தான் 2011-இலிருந்து அணு உலைக்கு எதிரான நீண்ட போராட்டம் நடந்தது. லூர்து மாதா ஆலயத்தின் முன்னால் இருந்த பந்தல்தான் அதன் களம். அங்கே போனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களாக நடந்துகொள்ளாதீர்கள்.

இங்கிருந்தே மேற்கே மலை தெரியத் தொடங்கும். இடக்கைப் பக்கம் கடல், எதிரே மலை, நடுவே சுழலும் காற்றாலைகள். நிலம் இங்கே அவ்வளவு குறுகிவிடுகிறது.

பகல் 1.15: வட்டக்கோட்டை, குமரி

அஞ்சுகிராமம் தாண்டிக் குமரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் வட்டக்கோட்டை விலக்கு. நேரம் குறைந்தால் குமரியையே விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவருக்கே படைத்தலைவராகி எடுத்துக் கட்டிய கோட்டை. கருங்கல் மதிலின் மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலை. கீழே கரைமணல் கனிமம் கலந்து கறுத்திருக்கும். பகல் வெயிலில் கல் சுடும். மரத்தடி நிழலும் உண்டு. கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளுங்கள்.

குமரியில் மீன் சாப்பாடு. சாப்பிட்டதும் உடனே வண்டி எடுக்காமல் அரை மணி நேரம் இளைப்பாறுங்கள். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க ஆசைதான். படகு வரிசை உங்கள் பிற்பகலையே எடுத்துக்கொள்ளும். கரையிலிருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சூரிய அஸ்தமனத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆறேகாலுக்கு அது முடிந்து, களைத்த உடம்போடு தொண்ணூறு கிலோமீட்டர் இருட்டில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பார்த்தே தீர வேண்டுமென்றால் இரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

பிற்பகல் 3.15: காற்றின் வழியே திரும்புதல்

இரண்டு வழி. காவல்கிணறு வரை 44-ஆம் எண் நான்குவழிச் சாலையில் நேரே ஏறுவது ஒன்று. சுசீந்திரம், நாகர்கோவில், தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு சேர்வது இன்னொன்று. இரண்டாவது வழி அழகு, மலையின் காலடியிலேயே போகும். ஆனால் நாகர்கோவில் ஒழுகினசேரி நெரிசலில் நேரம் போகும். மூன்று மணிக்குள் கிளம்ப முடிந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வழியானாலும் காற்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் உள்ள இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழைவதால் வேகம் பெருகுகிறது. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று முப்பந்தலில் அமைந்ததும் அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே சொல்லிக் கேட்டால் யாரும் மிகை என்று நினைக்க மாட்டார்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தப் பகுதியில் வண்டி பக்கவாட்டில் ஒரு முழம் நகர்வது சாதாரணம். தையில் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் திடீர் வீச்சு வரும்.

குறுக்குக் காற்றில் ஓட்டும் முறை இதுதான். வேகத்தை ஐம்பதுக்குக் குறையுங்கள். ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்காதீர்கள். இறுகப் பிடித்தால் உங்கள் உடம்பில் படும் காற்று கை வழியாக முன்சக்கரத்துக்குப் போகும். முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொள்ளுங்கள், தோளைத் தாழ்த்துங்கள். சாலை ஓரத்தை ஒட்டாமல் உங்கள் பாதையின் நடுவில் போங்கள். இரு பக்கமும் நகர இடம் வேண்டும். லாரியை முந்தும்போதுதான் ஆபத்து அதிகம்: லாரி காற்றை மறைத்திருக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும்; தாண்டியதும் காற்று முழு வேகத்தில் அறையும். முந்தியே ஆக வேண்டுமென்றால் நன்றாக இடைவெளி விட்டு முந்துங்கள். இடமில்லையென்றால் பின்னாலேயே வாருங்கள். பின்னால் உட்காருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: காற்று தள்ளும்போது எதிர்ப்பக்கம் சாயக்கூடாது, வண்டியோடே இருக்க வேண்டும்.

காவல்கிணறு பக்கம் மேற்கே உயர்ந்து நிற்பது மகேந்திரகிரி, 1,654 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. இங்கே எஞ்சின் சோதனை, காலையில் நீங்கள் கடந்து வந்த குலசையில் ஏவுதளம்.

பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வரை நான்குவழிச் சாலை. சொல்வதற்கு அதிகமில்லை. சாலை நேர், உடம்பு களைப்பு, மாலை வெயில் இடக்கன்னத்தில். தூக்கம் வருவது இங்கேதான். வள்ளியூரில் கட்டாயம் நின்று முகம் கழுவி டீ குடியுங்கள். இடது ஓரப் பாதையிலேயே வாருங்கள். சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை. இடக்கோடியில் தனி வழி இருக்கும். ஊருக்குள் போகும் சர்வீஸ் ரோடுகளில் எதிர்த்திசையில் வண்டி வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

ஆறு மணி வாக்கில் நெல்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள அல்வாக் கடை மாலையில்தான் திறக்கும். வரிசை நீளமாக இருக்கும், சரக்கு சீக்கிரம் தீரும். இலையில் வாங்கிச் சூடாக அங்கேயே சாப்பிடுங்கள். வீட்டுக்குத் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாள்

வண்டியை மறக்காதீர்கள். உப்புக்காற்றும் மணலும் செயினிலும் பிரேக்கிலும் ஒட்டியிருக்கும். மறுநாள் காலையே நல்ல தண்ணீரில் வண்டி முழுவதையும் கழுவுங்கள். அடிப்பகுதி, ஸ்போக்ஸ், சைலன்சர் பின்புறம், போல்ட் தலைகள், ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆகிய இடங்களில்தான் முதலில் துரு பிடிக்கும். வேகமாகப் பீய்ச்சும் பம்ப்பை வீல் பேரிங் பக்கம் காட்ட வேண்டாம். துடைத்து, நிழலில் உலரவிட்டு, செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். டயரை ஒரு சுற்று கையால் தடவிப் பாருங்கள். கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்று இரண்டு நாள் கழித்துக் காற்று இறங்குவது இந்தப் பக்கம் வழக்கம்.